புர்ர் அண்ணாச்சியின் மேல் ஸ்தாயி

ஆண்டவர் தொண்டையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்பதற்கு ராஜபாளையம் வட்டாரத்தில் வேறு சாட்சியே வேண்டாம். எங்கள் புர்ர் அண்ணாச்சி ஒருவர் போதும். மில் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. பதினோரு வருஷம் அனுபவித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் அவர் பாடகர் குழுவில் இருந்தார். கீழே பாடும்வரை கனமான, நல்ல குரல்தான். மேலே ஏறும்போது ஓரிடத்தில் படக்கென்று உடைந்து கீச்சென்று கிளம்பும். மனிதன் என்றால் அதோடு விட வேண்டாமா? இவர் செல்போனில் எவனோ சொன்ன பயிற்சிகளைப் பார்த்துத் தொலைத்தார்.

முதல் பயிற்சி, உதடுகளைத் தளர்த்தி 'புர்ர்ர்' என்று அதிரவிட்டபடியே குரலைக் கீழிருந்து மேலே ஏற்றி இறக்குவது. பெயர் வந்த கதை இதுதான். காலை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். ஒருநாள் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "பின்னாடி என்னமோ சத்தம் வருதுய்யா" என்று இறங்கி டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார். அண்ணாச்சி ஒன்றும் தெரியாதவர் போல ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்தது ஸ்ட்ரா. அதைத் தண்ணீருக்குள் விட்டுக் குமிழி வர ராகம் இழுக்க வேண்டுமாம். தண்ணீர் இல்லாத நாளில் டீயிலேயே இழுத்தார்.

"அண்ணாச்சி, டீயைக் குடிக்கியளா, குளிப்பாட்டுதியளா?" என்றார் கேன்டீன்காரர். அதற்குள் மானேஜர் சட்டையில் தெறித்துவிட்டது.

நானும் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி எங்க உயிரை வாங்குதிய? கீழ் சுருதியிலயே பாடிட்டுப் போனா என்ன?"

"ஏலே, உனக்கு ஒரு எழவும் தெரியாது. மேல போகப் போகச் சத்தத்தைக் கூட்டக் கூடாது, லேசாக்கணும். கனத்தைக் கீழயே விட்டுட்டு ஏறணும். அம்புட்டுதான்."

அம்புட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் தவறாமல் உடைந்தது.

போன வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீடு தேவதானம், பாதிப்பேர் போலீஸ். "அவிய முன்னால மானம் போயிரும், வேற ஆள் பாடட்டும்" என்று பாடகர் குழுத் தலைவர் கெஞ்சினார். அண்ணாச்சி மசியவில்லை. மூன்று மாதம் குடோனில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நின்று புர்ர்ர், புர்ர்ர்.

ஒருநாள் என்னிடம் வந்தார். "ஏலே, அன்னைக்கு உடைஞ்சா பிள்ளைக்குக் கேவலமா இருக்குமோ?"

"உடையாம இருந்தாத்தான் அதிசயம்" என்றேன். அவர் குடோனுக்குப் போனார். அப்படிச் சொன்ன என் வாயை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்தன்று அண்ணாச்சி பாடினார். அந்த இடம் வந்தது; உடைந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் மாமா, மீசை வைத்த ஏட்டு, கெக்கெக்கே என்று சிரித்தார். அண்ணாச்சி நிறுத்திவிட்டார். மணப்பெண் தலை கவிழ்ந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போதுகூட சைக்கிளை விட்டு இறங்கி உருட்டுகிற நான் எழுந்து நின்று, "எதுக்குவே சிரிக்கீரு? பாட விடும்!" என்று கத்தினேன். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. ஏட்டு வாயை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிவிட்டு அந்த அடியை மறுபடி எடுத்தார். அதே இடத்தில் மறுபடியும் உடைந்தது. இந்த முறை நிறுத்தாமல் மகளைப் பார்த்தபடியே பாடி முடித்தார்.

எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.