ரெண்டு போர்டும் ஒரு கதவும்

கதவு சாத்திக்கிச்சு. ‘டக்.’

உலகத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச சத்தம் அது. நல்ல பூட்டோட நாக்கு குழிக்குள்ள போய் உக்கார்ற சத்தம். அதைக் கேட்டுத்தான் எங்க கட்டடமே நிம்மதியாத் தூங்குது. அன்னைக்கு மட்டும் அது எனக்குப் பிடிக்கல. கதவுக்கு உள்பக்கம் என் சட்டை, என் சாவி, என் பொண்டாட்டி. வெளிப்பக்கம் நான், இடுப்புல ஒரு துண்டு, கையில ஒரு குப்பைப் பை.

குப்பையை வெளிய வைக்க ஒரு அடி எடுத்து வெச்சேன். காத்து கதவைத் தள்ளிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது.

இதுக்கா இவ்வளவு பதட்டம்னு கேப்பீங்க. கேக்கலாம். நீங்க பூட்டுக்காரர் இல்ல. நான் பூட்டுக்காரன்.

எங்க தொழில்ல பேர்தான் எல்லாம். நகை வெச்சிருக்கற பீரோவை என் எதிர்ல திறந்து போட்டுட்டு, ஜனங்க அடுப்பைப் பாக்கப் போயிடறாங்க. எதை நம்பி? என் மூஞ்சியையா? அந்த மூஞ்சியை நானே நம்ப மாட்டேன். பேரை நம்பித்தான். கடைச் சரக்கை ஒருத்தன் அள்ளிக்கிட்டுப் போனாலும் மறுபடி வாங்கிடலாம். பேரை எந்தக் கடையில போய் வாங்கறது?

அந்தப் பேருக்காகக் கடை வாசல்ல ரெண்டு போர்டு மாட்டியிருக்கேன். இடது பக்கம், ‘எந்தப் பூட்டும் திறந்து தரப்படும்.’ வலது பக்கம், ‘எங்கள் புதுப் பூட்டை எவராலும் திறக்க முடியாது.’ ரெண்டுமே என் கையெழுத்து. ரெண்டுக்கும் நடுவுலதான் என் ஸ்டூல். இத்தனை நாளும் அங்க சௌகரியமாத்தான் உக்காந்திருந்தேன்.

என் வீட்டுக் கதவுல இருக்கறது அந்தப் புதுப் பூட்டுதான். அதை என்னால திறக்க முடியுமா? சத்தியமாத் தெரியாது. ஒருநாளும் திறந்து பாத்ததில்ல. முடிஞ்சிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். முடியலைன்னா என்ன பண்றதுன்னு இன்னொரு பயம்.

ஒரே ஒரு விரலால தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"மெதுவாப் பேசு. உன் புருஷன்."

"என் புருஷன் பூட்டுக்காரராச்சே. அவர் எதுக்குத் தட்டறாரு?"

"கிண்டல் பண்ற நேரமா இது? கதவுல பதிச்ச கண்ணாடி வழியாப் பாரு."

"பாத்தேன். துண்டு கட்டிக்கிட்டு யாரோ குப்பை எடுக்கறவர் நிக்கறாரு."

"திறம்மா. யாராவது வந்துடப் போறாங்க."

"திறக்கறேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள் எப்ப?"

படிப்பக்கம் திரும்பிப் பாத்தேன். இது எங்க வீட்டு ரகசியம். ஊருக்கெல்லாம் பூட்டு போடறவன் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. உள்ள போறவங்க வெளிய கேக்கற மாதிரி பாடணும். பாட்டு நின்னா உள்ள காலின்னு அர்த்தம். எனக்குப் பாட்டு வராது. இருமுவேன்.

"ஞாயித்துக்கிழமை போட்டுடறேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"அது வந்து வந்து போயிட்டே இருக்கே. நீங்கதான் வரக் காணோம்."

அப்பத்தான் படியில செருப்புச் சத்தம். ரெண்டு ஜோடி. அதுல ஒண்ணு யாருதுன்னு கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. எங்க கட்டடத்துச் செயலாளர். போலீஸ்ல இருந்து ஓய்வு பெற்றவர். காலை வணக்கம் சொன்னாக்கூட எதுக்காகச் சொன்னேன்னு கேப்பார். அதனால நாங்க வெச்ச பேர் ‘விசாரணை’. அவர் பின்னாடி ஒரு அம்மா. கையில குடை. முகத்துல சிரிப்புக்கான அடையாளமே இல்ல.

"இவர்தாம்மா நம்ம பூட்டுக்காரர்," விசாரணை அவங்ககிட்டச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினார். "இவங்க பக்கத்துக் கட்டடத்துச் செயலாளர். அவங்க கட்டடம் முழுக்க உங்க பூட்டைப் போடலாமான்னு இன்னைக்கு முடிவு பண்றாங்க. நேர்ல பாக்கணும்னாங்க. ஆமா, என்ன துண்டோட நிக்கிறீங்க?"

"காத்து வாங்கறேன்."

"மாடிப்படியிலயா?"

"இங்கதான் நல்லா வருது."

"கையில என்ன?"

"குப்பை."

"குப்பையோடயா காத்து வாங்குவீங்க?"

மனுஷன் ஓய்வு பெற்றாலும் வாய் இன்னும் டூட்டியில இருக்கு. அந்த அம்மா குடை நுனியால கதவைத் தள்ளிப் பாத்தாங்க. அசையல.

"பூட்டிக்கிச்சா?"

நாலு பேர் முன்னாடி மானம் போகப் போகுதுன்னு தெரிஞ்சா மூளை பொய்யை எவ்வளவு வேகமாத் தயாரிக்குது பாருங்க.

"இல்லைங்க. பூட்டினேன். சோதனை. அப்பப்ப வெளியில நின்னு பூட்டைச் சோதிக்கறது என் வழக்கம்."

"நல்லதாப் போச்சு. திறந்து காட்டுங்க."

போச்சு.

"அவரால முடியாதும்மா," விசாரணை எனக்கு உதவி பண்ண வந்தார். "அவரே போர்டு வெச்சிருக்காரு."

"அப்ப இவர் என்ன பூட்டுக்காரர்? எங்க வீட்டுச் சாவி தொலைஞ்சா யாரைக் கூப்பிடறது?"

"அதில்லம்மா. இவர் திறக்காத பூட்டே கிடையாது. எங்க வீட்டு பீரோவை ஒரே நிமிஷத்துல..."

"இவரால முடிஞ்சா திருடனால முடியாதா?"

விசாரணை என்னைப் பாத்தார். நான் குப்பையைப் பாத்தேன். கை நீட்டித் திறந்தா பூட்டு செத்துது. திறக்கலைன்னா நான் செத்தேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் கீழ என் பேர்தான் நசுங்கும். என் கடைக்கு எதிர்லயே பூட்டு விக்கற எதிர்க்கடைக்காரன் இதைக் கேட்டா தெருவுல ஒருத்தரை விடாம நிறுத்தி நிறுத்திச் சொல்லுவான். நெத்தியில இருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில நின்னுச்சு. துடைக்கப் பயம். ஒரு கையில குப்பை, இன்னொரு கை துண்டைப் பிடிச்சிருக்கு. அதை விட்டா இந்தப் பேச்சே வேற பக்கம் போயிடும்.

முதுகைக் கதவுல சாய்ச்சு, குதிகாலால மெதுவா ஒரு தட்டு தட்டினேன்.

"சொல்லட்டுமா?" உள்ள இருந்து குரல்.

எதை? காத்துல கதவு சாத்திக்கிட்டதையா, தாழ்ப்பாள் கதையையா?

"வீட்ல ஆள் இருக்காங்களா?" விசாரணை கண்ணு பளிச்சுன்னு ஆச்சு. "அப்ப நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க? என்னத்தைச் சொல்லட்டுமாங்கறாங்க?"

"ஒண்ணுமில்ல சார்! வேணாம்மா! சொல்லாத! நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்!"

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்!"

அப்புறம் அந்தக் குரல் மூணு மாடிக்கும் கேக்கற மாதிரி வந்துச்சு.

"நான்தாங்க அவரை வெளிய தள்ளிப் பூட்டினேன்! மன்னிப்பு கேக்கற வரைக்கும் திறக்க மாட்டேன்!"

எதிர் வீட்டுக் கதவு திறந்துச்சு. மேல் மாடியிலயும் ரெண்டு.

அந்த அம்மா கதவுகிட்டப் போய்க் கேட்டாங்க. "ஏம்மா, உன் புருஷனுக்கு இதைத் திறக்கத் தெரியாதா?"

"அவருக்கா? அவர் கை பட்டா ரெண்டு நிமிஷம். ஆனா நான் உள்ள இருக்கேனே! பூட்டைப் பண்ணினவரே தொட நடுங்கறாரு. தெரியாத திருடன் வந்து தொட்டுடுவானா?"

யோசிச்சுப் பாத்தா இதுல ஒரு நியாயமும் இல்ல. ஆனா அங்க யாரும் யோசிக்கல. எல்லாரும் நான் நடுங்கறதைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நடிப்பா இருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க. அது அசல்.

"கேளுங்க சார் மன்னிப்பு," விசாரணை சொன்னார். "சத்தமா. சாட்சிக்கு நான் இருக்கேன்."

"எதுக்குன்னு கேக்கறது?"

"உங்களுக்கே தெரியும்!" உள்ள இருந்து பதில்.

கேட்டேன். துண்டைப் பிடிச்சுக்கிட்டு, குப்பையைத் தூக்கிக்கிட்டு, என் கையால பூட்டு மாட்டின கதவைப் பாத்து மன்னிப்பு கேட்டேன். மேல் மாடியில யாரோ கை தட்டினாங்க. ‘டக்’னு கதவு திறந்துச்சு. அந்த அம்மா முதல் தடவையாச் சிரிச்சாங்க. விசாரணை என் தோளைத் தட்டிட்டுப் போனார். அனுதாபமா, எச்சரிக்கையான்னு தெரியல.

உள்ள போனதும் புதுத் தாழ்ப்பாளையும் திருப்புளியையும் கையில குடுத்தா.

"இது ஏது?"

"எதிர்க்கடையில வாங்கினேன்."

"ஐயோ! அவன் எதுக்குன்னு கேக்கலியா?"

"கேட்டான். தூரத்துச் சொந்தக்காரங்க வீட்டுக்குன்னேன். உங்க பேரை என்னைத் தவிர வேற யார் காப்பாத்துவா?"

அப்பவே மாட்டினேன்.

மறுநாள் காலையில கடைக்கு வந்தா, குடைக்கார அம்மா நிக்கறாங்க. பின்னாடி அவங்க கட்டடத்துப் பொம்பளைங்க எல்லாரும். அத்தனை பேருக்கும் அதே பூட்டுதான் வேணுமாம். எனக்குத் தலை கால் புரியல. எல்லாரையும் பாத்துச் சொன்னேன்: "சந்தோஷங்க. ஒவ்வொரு பூட்டுக்கும் ரெண்டு சாவி வரும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வீட்டுக்காரருக்கு."

"ரெண்டு எதுக்கு?" அந்த அம்மா கேட்டாங்க. "ஒண்ணு போதும்."

பின்னாடி எல்லாத் தலையும் ஒண்ணா ஆடிச்சு.

சாயங்காலம் இதைச் சொல்லி நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்த வீட்டு ஆம்பளைங்க பாவம்னேன். என் பொண்டாட்டி சிரிக்கல. கையை நீட்டினா.

"உங்க சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு யாராவது உங்க சட்டைப் பையில சாவியைப் பாத்துட்டா, நேத்து நான் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும். பேர் என்னத்துக்கு ஆகும்?"

குடுத்துட்டேன்.