கைநாட்டுக்காரியின் கணவன்

குடும்பத் தலைவன் நான்தான் என்பதை ஊரறிய நிரூபித்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன். மதியத்துக்குள் நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

என் மனைவி நகாத் வாத்து வளர்க்கிறாள். எகிப்தில் எங்கள் ஃபயூம் பக்கத்தில் வாத்து இல்லாத வீடு இல்லை. ஆனால் அவள் பேசினால் வாத்துகள் கேட்கும். நான் பேசினால் மகன் ரகப்கூடக் கேட்பதில்லை. வாத்து விற்ற பணத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நெய் டப்பாவில், உறைந்த நெய்க்கு அடியில் புதைத்து வைப்பாள். முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்குவது அவள் கனவு. அந்தக் கனவிலிருந்து அவ்வப்போது டீக்கடைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். எடுத்ததும் பெருவிரலால் நெய்யைத் தடவிச் சமமாக்கிவிடுவேன். நான் சுவருக்குப் பூச்சு பூசுகிறவன். தடம் தெரியாமல் பூசுவது எனக்குத் தொழில். டீக்கடை ஸனூசி மட்டும் நோட்டை முகர்ந்து பார்த்து, "உங்க காசைத் தொட்டுக்கிட்டே ரொட்டி சாப்பிடலாம் போலிருக்கே மாமா" என்பான்.

ஏழைகளுக்குக் கணக்குத் திறக்க வங்கி வண்டி ஊருக்கே வருகிறது என்று செய்தி வந்தது. பணம் வங்கிக்குப் போய்விட்டால் நெய் டப்பாவில் வெறும் நெய்தானே இருக்கும்?

"கணக்கை என் பேர்லதான் திறக்கணும்" என்றேன்.

"ஏன்?"

"எனக்குக் கையெழுத்து போடத் தெரியும். நீ கைநாட்டு."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ தவிடு பிசைந்துகொண்டே, ரகப்பின் அப்பா என்று மகன் பேரால் என்னை அழைத்துச் சொன்னாள்: "அதுவும் சரிதான் அபு ரகப். நீங்களே திறங்க. உங்க பேர்ல முடியலன்னா மட்டும் என் பேர்ல. அப்புறம் நீங்க அதுல கை வைக்கக் கூடாது."

முடியாமலா போகும்? பக்கத்து வீட்டு அஸீஸாவைச் சாட்சியாக வைத்துச் சத்தியமே செய்துகொடுத்தேன்.

இஸ்திரி போட்ட அங்கி, பையில் புதுப் பேனா. வரிசையில் ஊரே நின்றது. வண்டியில் இருந்த பெண் என் பேனாவைப் பார்த்துச் சிரித்தாள். கையெழுத்தெல்லாம் வேண்டாமாம். ரேகை பார்க்கும் இயந்திரத்தின் சின்னக் கண்ணாடியைக் காட்டி, பெருவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். தேய்த்துக் கழுவி வைத்தேன். பத்து விரலும் போய்ப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பின. காலமெல்லாம் சுண்ணாம்பும் சிமெண்டும் தின்று தீர்த்த விரல்கள்.

"மெஷினுக்கு உங்களைத் தெரியல மாமா" என்றாள் அந்தப் பெண், வருத்தமாக.

வரிசையிலிருந்து அஸீஸாவின் குரல் வந்தது: "கால் விரல் பாக்கி இருக்கே, அதையும் வச்சுப் பாருங்கண்ணே."

நகாத் முன்னால் வந்தாள். முக்காட்டில் விரலைத் துடைத்தாள். வைத்தாள். பச்சை. அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் மகிழ்ச்சியில் கூவக்கூடச் செய்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கைகளை அங்கியின் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு நடந்தேன்.

"உனக்கு அதிர்ஷ்டம்தான்" என்றேன்.

"அதிர்ஷ்டம் என்ன இதுல? அக்கா ஊருக்குப் போன வாரமே வண்டி வந்துச்சு. பேனாவே கேக்கலியாம், விரல்தானாம்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நான் தொட்டா நெய்யில கோடு கோடா விழும். இன்னொரு விரலோட தடமும் விழுந்திருக்கும், வழுவழுன்னு. அதுல ஒரு நாளும் ரேகை இருந்ததில்ல."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"ரகப்புக்குப் பல் முளைச்சப்பலேர்ந்து."

ரகப்புக்கு இப்போது மீசை இருக்கிறது.

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். வாத்துகளுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை ரொட்டிக்கு நெய் எடுக்கத்தான் டப்பாவைத் திறந்தேன், நம்பினால் நம்புங்கள். நெய்யின் நடுவில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது, ஒவ்வொரு ரேகையும் தெளிவாக.

அதற்கு அடியில் எனக்கு அன்றைய டீக்காசு.