முள்ளம்பன்றி வாங்கிய டர்போ கார்

ஒரு காட்டில், அங்கே பஸ் ஓடத் தொடங்கிச் சில வருஷம் ஆன பிறகு, ஏகாம்பரம் என்ற முள்ளம்பன்றி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த உப்புப்பாறை அலுவலகத்தில் அதற்கு வேலை. உப்பு நக்க வரும் மிருகங்களை வரிசையில் நிறுத்த வேண்டும். வரிசையை மதிக்காமல் முன்னால் புகுந்துவிடும் காட்டெருமைகளிடம் பணிவாகப் பேசிப் பின்னால் அனுப்ப வேண்டும். வேலை அதற்குப் பிடித்துத்தான் இருந்தது. போய் வருவதுதான் பெரும்பாடு.

முள்ளம்பன்றிக்குப் பயம் வந்தாலும் முள் நிமிரும், சந்தோஷம் வந்தாலும் நிமிரும். அது வேண்டுமென்று செய்கிற காரியம் இல்லை. பஸ் திடீரென்று பிரேக் போடும்போதெல்லாம் ஏகாம்பரத்தின் முள் நிமிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மான்களும் முயல்களும் அலறின. கண்டக்டராக இருந்த குரங்கு ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டது.

"யோவ் முள்ளு, இனிமே நீ படியிலயே நில்லு. உள்ள வராத."

"நானும் டிக்கெட் வாங்கியிருக்கேங்க."

"படிக்கும் அதே டிக்கெட்தான்."

அந்த மழைக்காலம் முழுக்க ஏகாம்பரம் படியில் தொங்கி, நனைந்துகொண்டே வேலைக்குப் போனது. உள்ளே பாதி சீட் காலியாக இருந்த நாட்களிலும் அதற்குப் படிதான். ஒருநாள் மலைத் திருப்பத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஏகாம்பரம் ரோட்டில் விழுந்தது. பஸ் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு முயல் மட்டும் திரும்பிப் பார்த்தது.

நொண்டிக்கொண்டே வளைக்கு வந்த ஏகாம்பரத்தை அதன் மனைவி குமுதவல்லி பிடித்து உட்கார வைத்தது. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தது. பிறகு, "பேசாம ஒரு கார் வாங்கிடுங்க" என்றது.

"பணம்?"

"வளைக்குப் பக்கத்துல இன்னொரு ரூம் தோண்டச் சேர்த்து வச்சிருக்கோமே, அது எதுக்கு? நீங்க ரோட்டுல விழுந்து கிடக்கும்போது நான் ரெண்டு ரூம்ல இருந்து என்ன பண்ணப் போறேன்? புதுசு வேணாம், செகண்ட் ஹேண்ட் போதும். மைலேஜ் நல்லா இருக்கணும். பின்னாடி நம்ம பிள்ளைங்க உட்காரணும். ஏதாவது உடைஞ்சா ஸ்பேர் இந்தக் காட்டுலயே கிடைக்கணும். கலர் எதுவா இருந்தாலும் சரி."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

அந்தக் காட்டில் பழைய கார் வியாபாரம் செய்தது பரமானந்தம் என்ற நரி. இலவ மரத்தடியில் கார்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தி வைத்திருந்தது. ஏமாந்துவிடக் கூடாதே என்று ஏகாம்பரம் மெக்கானிக் குருசாமியையும் கூட்டிக்கொண்டு போனது. குருசாமி ஒரு மரங்கொத்தி. காரின் உடம்பை அலகால் தட்டிப் பார்த்தே எங்கே அடிபட்டது, எங்கே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தார்கள் என்று சொல்லிவிடும்.

நரி முதலில் ஒரு சின்ன வெள்ளைக் காரைக் காட்டியது.

"அண்ணே, இது ஒரு கரடி வச்சிருந்த வண்டி. கொஞ்சம் தேன் வாசனை வரும், வேற குறை இல்ல. பெட்ரோல் குடிக்காது. ஸ்பேர் எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். உங்களுக்கு இதுதான் சரி. வாங்கிட்டுப் போனீங்கன்னா மறுபடி இந்தப் பக்கம் வரவே மாட்டீங்க."

குருசாமி தட்டிப் பார்த்தது. எங்கேயும் பட்டி இல்லை. "நல்ல வண்டி சார்" என்று கொட்டாவி விட்டது.

ஏகாம்பரமும் வாங்குகிற எண்ணத்தோடு பையைத் தொட்டது. அப்போதுதான், மரத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய இன்னொரு கார் கண்ணில் பட்டது. தார்ப்பாயின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

"அது என்னது?"

நரியின் முகம் மாறியது. "அது வேணாம் அண்ணே."

"சும்மா பார்க்கிறேன்."

தார்ப்பாயை விலக்கினார்கள். தரையோடு தரையாகப் படுத்த மாதிரி ஒரு சிவப்புக் கார். இரண்டே கதவு. பின்னால் இறக்கை மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. சைலன்ஸர் ஒன்றுக்கு நாலாக இருந்தது. வெள்ளைக் காருக்குச் சொன்ன அதே விலைதான் என்றது நரி.

"ஒரு சிறுத்தை வச்சிருந்தது. டர்போ வண்டி, இன்ஜினுக்குள்ள காத்தை ஊதி வேகத்தைக் கூட்டுற சாமான் இருக்கு. ஒருகாலத்துல இதோட விலைக்கு இந்த மலைச்சரிவையே வாங்கியிருக்கலாம். ஆனா தினம் வேலைக்குப் போய் வர இது ஆகாது. பெட்ரோலைக் குடிக்கும். ஒவ்வொரு மேட்டுலயும் அடி தட்டும். டர்போ போச்சுன்னா கடல் தாண்டித்தான் வரணும். சத்தியமாச் சொல்றேன், வாங்காதீங்க."

ஏகாம்பரம் யோசித்தது. பள்ளிக்கூடத்தில் அது படித்த எந்தக் கதையிலும் நரி உண்மை சொன்னதே கிடையாது. நரி நல்லது என்று சொன்னால் கெட்டது, கெட்டது என்று சொன்னால் நல்லது. இதில் குழம்ப என்ன இருக்கிறது? நரி வெள்ளைக் காரை நம் தலையில் கட்டிவிட்டு, சிவப்புக் காரைத் தனக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

"குருசாமி, நீ என்ன சொல்ற?"

குருசாமி அதற்குள் சாவியைப் போட்டுத் திருப்பியிருந்தது. இன்ஜின் உறுமியது. இலவ மரத்திலிருந்து காய்கள் உதிர்ந்தன. மரங்கொத்தி அலகைத் திறந்தபடி அப்படியே நின்றது. காரின் உடம்பில் ஓர் இடத்தைக்கூட அது தட்டிப் பார்க்கவில்லை.

"செலவு வைக்கும் சார்" என்றது கடைசியில். "ஆனா இந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா? வாங்கிடுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ரவுண்டு எனக்குக் கொடுங்க, சர்வீஸ் ஃப்ரீயாப் பண்ணித் தர்றேன்."

நரி இன்னொரு முறையும் வேண்டாம் என்றது. அதனால் ஏகாம்பரம் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

காரைப் பார்த்த குமுதவல்லி அதை ஒரு முறை சுற்றி வந்தது. பிறகு பின் சீட்டை எட்டிப் பார்த்தது. "இதுல யாரு உட்காருவா?"

"பிள்ளைங்க உட்காரலாம். கொஞ்சம் மடங்கி உட்காரணும்."

"மைலேஜ்?"

"அதெல்லாம் ஓட்டுற விதத்துல இருக்கு."

"நான் கலரைத் தவிர மத்த எல்லாத்தையும் கேட்டேன். நீங்க கலரை மட்டும் பார்த்து வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அது உள்ளே போய்விட்டது.

மறுநாளிலிருந்து ஏகாம்பரம் காரில் வேலைக்குப் போனது. காட்டுப்பன்றிகள் கிழங்குக்காகத் தோண்டிய ரோடு அது. ஒவ்வொரு மேட்டிலும் கார் வயிறு தட்டி நின்றது. குமுதவல்லி கூட வந்த நாட்களில், மேடு வரும்போதெல்லாம் இறங்கி நடந்து, மேட்டைத் தாண்டி மறுபடி ஏறிக்கொள்ளும். நடந்துபோன ஓர் ஆமை இரண்டு முறை அவர்களைத் தாண்டிப் போனது. பெட்ரோல் பங்கில் இருந்த கீரி, ஏகாம்பரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைக்கத் தொடங்கியது.

ஆனால் ஏரிக்கரையில் ஒரு நேர் ரோடு இருந்தது. அங்கே கிழங்கு விளையாது, அதனால் யாரும் தோண்டவில்லை. அந்த இடம் வந்ததும் ஏகாம்பரம் ஆக்ஸிலேட்டரை அழுத்தும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு டர்போ விசில் அடிக்கும், முதுகு சீட்டோடு போய் ஒட்டும், ஏரி முழுவதும் ஒரே நீலக் கோடாகிவிடும். ஏகாம்பரத்தின் ஒவ்வொரு முள்ளும் நிமிர்ந்து சீட்டைத் துளைக்கும். யாரும் அலறவில்லை. யாரும் படியில் போய் நில் என்று சொல்லவில்லை. அந்த நேர் ரோடு முடிகிறவரை ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போகும். அவ்வளவு சந்தோஷத்தை அது அதற்கு முன்பு அனுபவித்தது இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அதே ஏரிக்கரையில் விசில் சத்தம் திடீரென்று கீச்சுக்குரலாக மாறியது. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. கார் நின்றது. எருமைகளைக் கெஞ்சி, கயிறு கட்டி வளைவரை இழுத்து வரச் செய்தது ஏகாம்பரம். குருசாமி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அழுதேவிட்டது.

"டர்போ போச்சு சார். இதைக் கடல் தாண்டிப் பட்டைத்தலை வாத்துதான் கொண்டு வரணும். அதுங்க குளிருக்கு இங்க வந்துட்டு இப்பதான் ஊருக்குக் கிளம்புது, இனி ஐப்பசிலதான் வரும். போற வாத்துக்கிட்ட இப்பவே சொல்லி விட்டுடுறேன்."

ஏகாம்பரம் நேரே நரியிடம் போனது.

"என்னை ஏமாத்திட்ட."

நரி டீ ஊற்றிக் கொடுத்தது. "அண்ணே, நான் என்ன சொன்னேன்?"

"வாங்காதீங்கன்னு சொன்ன."

"டர்போ போனா?"

"கடல் தாண்டி வரணும்னு சொன்ன."

"வேற ஏதாவது சொல்ல விட்டுட்டேனா?"

ஏகாம்பரம் டீயைப் பார்த்தது.

"எங்கப்பா பொய் சொல்லி வித்தாரு" என்றது நரி. "பாதி நாள் அடி வாங்கினாரு. நான் உண்மையைச் சொல்லித்தான் விக்கிறேன். ஒருத்தரும் நம்புறதில்ல. வியாபாரம் நல்லாப் போகுது. திரும்பி வந்து யாரும் சண்டை போடவும் முடியல."

மறுநாள் காலை ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றது. பஸ் வந்தது. வழக்கம்போலப் படியைப் பிடித்துக்கொண்டது.

"சார், என்ன சார் படியில நிக்கிறீங்க?" என்றது குரங்கு. "உள்ள வாங்க. சிவப்பு வண்டி என்னாச்சு, சர்வீஸா?"

"ஆமா. டர்போ வரணும். கடல் தாண்டி."

கடல் தாண்டி என்ற வார்த்தை பின் சீட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு மிளா மான் எழுந்து இடம் கொடுத்தது. இரண்டு முயல்கள் நகர்ந்து உட்கார்ந்தன. பக்கத்தில் இருந்த காட்டுப்பன்றி இன்னும் நெருங்கி வந்தது.

"தள்ளியே உட்காருங்க, குத்திடும்" என்றது ஏகாம்பரம்.

"குத்தினா குத்தட்டும் சார். நூறுக்கு மேல போனா ஸ்டியரிங் ஆடுமா, அதைச் சொல்லுங்க."

ஏகாம்பரம் சொன்னது. ஏரிக்கரையைப் பற்றியும் விசிலைப் பற்றியும் சொல்லச் சொல்ல அதன் முள்கள் நிமிர்ந்தன. காட்டுப்பன்றியின் விலாவில் ரத்தம் துளிர்த்தது. பன்றி அந்தக் காயத்தை மாலையில் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் பெருமையாகக் காட்டியது.

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஜன்னல் சீட் நிரந்தரமானது. டிரைவர் திருப்பங்களில் அதனிடம் யோசனை கேட்கத் தொடங்கியது. குமுதவல்லி சந்தைக்குப் போனால், "சிவப்புக் கார்க்காரம்மா வந்திருக்காங்க" என்று கிழங்கு வியாபாரி நல்லதாகப் பொறுக்கிப் போட்டது. பிள்ளைகள் இரவில் காரின் பின் சீட்டில் சுருண்டு தூங்கின. கதவை மூடினால் காற்றோ மழையோ உள்ளே வரவில்லை. சாயங்காலங்களில் ஏகாம்பரமும் குமுதவல்லியும் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எதிரே இருந்த பாறையைப் பார்த்தபடி காபி குடித்தார்கள். பெட்ரோலுக்குப் போன பணம் மிஞ்சியது.

ஐப்பசி வந்தது. ஒரு மத்தியானம் பட்டைத்தலை வாத்து, கழுத்தில் ஒரு பொட்டலத்தோடு, மூச்சிரைக்க வளைக்கு முன்னால் வந்து இறங்கியது.

"டர்போ கேட்டது இந்த வீடுதானே? கடல், பனிமலையெல்லாம் தாண்டித் தூக்கிட்டு வந்திருக்கேன். கனம் தாங்கல."

குருசாமி பறந்து வந்து பொட்டலத்தைப் பிரித்தது. அதன் கண் பளபளத்தது. ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தது. மனைவி ஏகாம்பரத்தைப் பார்த்தது.

"கொஞ்சம் சின்னதாத் தெரியுதே" என்றது ஏகாம்பரம்.

"இல்ல சார், இது கரெக்டா..." என்று ஆரம்பித்தது குருசாமி.

குமுதவல்லி ஒரு தட்டு நிறையப் புழுவை மரங்கொத்தியின் முன்னால் வைத்து, "நீங்க சாப்பிடுங்க தம்பி" என்றது. பிறகு டர்போவைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "இது எங்க மாடலுக்குச் சேராதுங்க. எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வாங்க" என்று வாத்திடம் நீட்டியது.

"அடுத்த ஐப்பசிக்குத்தாம்மா வர முடியும்."

"அவசரமே இல்ல. அதுக்கடுத்த ஐப்பசி ஆனாலும் நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

வாத்து அலுத்துக்கொண்டே பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு பறந்தது. அது கண்ணுக்கு மறைகிறவரை குமுதவல்லி கை காட்டியது. பிறகு காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டது.

"முன் டயர்ல காத்து இறங்கியிருக்கு பாருங்க. அடிச்சு வைங்க. போறவங்க வர்றவங்க ஓடாத வண்டின்னு நினைச்சுக்கப் போறாங்க."

நீதி: தினமும் வேலைக்குப் போய் வரக் குறைந்த விலையில் வேகமான பழைய கார் தேடுபவர்கள், ஓடாததாகப் பார்த்து வாங்கவும். மைலேஜ் கவலை இருக்காது. பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்கும்.