ரீபாவின் மனப்பாடம்

"இந்த வருஷமும் ரீபாவுக்குத்தான்னு இப்பவே பேசுதாவ!" என்று யூனிஸ் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

சபைப் பெண்கள் ஐக்கியத்தின் மனப்பாடப் போட்டியில் பக்கத்து வீட்டு ரீபாவுக்கு மூன்று வருடமாக முதல் பரிசு, கேடயம். யூனிஸுக்கு மூன்று வருடமாக இரண்டாம் பரிசு, சோப்பு டப்பா. இந்த ஆண்டு வேதாகமத்திலிருந்து இருபத்திரண்டு வசனமுள்ள ஒரு சங்கீதம்.

அவள் கணவர் சத்தியநேசன் அறிவியல் வாத்தியார். செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மூளைச் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இணைப்பு இருக்கு. திரும்பத் திரும்பச் சொன்னா அது பலப்படும். வாழைத்தோட்டத்துல நடக்க நடக்கத் தடம் விழுதுல்லா, அதே மாதிரிதான். விட்டா புல்லு மூடிரும்."

"அவ எங்க திரும்பத் திரும்பச் சொல்லுதா? அந்த வீட்டுல வேதம் வாசிக்குத சத்தம் ஒரு நாளாவது கேட்டிருக்கா?"

"சிலருக்கு மூளை அப்படி."

இந்தப் பதிலுக்காக அன்று அவருடைய குழம்பில் ஒரு மீன் துண்டு குறைந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு யூனிஸ் வழக்கம்போலத் தொடங்கினாள். பத்து தடவை. வரிசை வீடுகள், நடுவே ஒற்றைச் சுவர். ரீபா கேட்டுப் பயப்படட்டும் என்று சுவரோரமாகவே நின்று சொன்னாள்.

குழாயடியில் ரீபா சிரித்தாள். "இன்னைக்குச் சத்தமில்லாமப் பைய சொன்ன மாதிரி இருந்துச்சேக்கா?"

"நக்கலைப் பாத்தீங்களா!" என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பொருமினாள் யூனிஸ்.

பத்து இருபதானது. குரலும் ஏறியது.

"இப்ப நல்லாக் கேக்குதுக்கா!" என்றாள் ரீபா.

இருபது முப்பதானது. தோசை கருகியது, தொண்டை கட்டியது, சத்தியநேசன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

போட்டியன்று சபைக் கோயிலில் ரீபா முதலில் மேடை ஏறினாள். ஒன்பது வசனங்கள் தடங்கலில்லாமல் வந்தன. யூனிஸ் எங்கே தப்பு வரும் என்று வசனம் வசனமாக எண்ணினாள். பத்தாவது வசனம் பாதியில், கண்ணை மூடியபடி, அதே ராகத்தில் ரீபா சொன்னாள்:

"அரை லிட்டர் போதும், நுரையை ஊதிட்டு ஊத்து!"

கோயிலே குலுங்கியது. நடுவராக இருந்த பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது யூனிஸ்தான்.

"பால் வாங்குத பேச்சையும் சங்கீதத்துல சேத்துட்டாளே!"

போட்டி முடிந்து நடக்கும் விருந்துக்கு மோர் கொண்டுவந்து வாசலில் நின்றிருந்த பால்காரத் தங்கத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ரீபாக்கா வீட்டுக்கு நான் பாலே ஊத்துததில்லையே. தெனமும் காலையில படிச்சிக்கிட்டே எங்கிட்ட அப்படிச் சொல்லுதது நீங்கல்லா, யூனிஸக்கா?"