பரீட்சை இல்லாத உரிமம்

குற்றவியல் நிபுணர்கள் இனி உரிமம் பெற்றே தொழில் செய்ய வேண்டும் என்றும், அனுபவசாலிகளுக்குப் பரீட்சை கிடையாது என்றும் அரசு திருவுளம் கொண்டு ஆணை பிறப்பித்தது. இருபத்தாறு வருடம் போலீசில் துப்பறிந்து, ஓய்வுக்குப் பின் இலோயிலோ நகரக் கல்லூரியில் குற்றவியல் கற்பித்து வந்த எவரிஸ்டோ மக்பானுவாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. திங்கட்கிழமைக்குள் உரிமம் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

உரிம அலுவலகத்தில் லூர்தஸ் மேடம் விதியை வாசித்தார். "குற்றத்தோட பத்து வருஷத் தொடர்பு வேணும். அரசு முத்திரை போட்ட அத்தாட்சியும் வேணும்."

"நான் பிடிக்காத திருடனே இந்த ஊர்ல கிடையாதும்மா!"

"காகிதம் சார்?"

"புயல்ல ஸ்டேஷனே மிதந்துச்சு. காகிதம் எங்க மிஞ்சும்?"

"அப்போ தொடர்பே இல்லைன்னுதானே அர்த்தம்?" மேடம் குரலில் வருத்தம் துளியும் இல்லை. "ஒரு வழி இருக்கு. உங்க ஊர்ல உரிமம் வாங்கின நிபுணர் யாராவது கையெழுத்துப் போட்டா போதும். போன வாரம்தான் ஒருத்தர் வாங்கினார். நோனோய்."

மக்பானுவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன் திருடன்! நாலு தடவை நானே உள்ள தள்ளியிருக்கேன்!"

"ஆமா சார். நாலு தீர்ப்பு, நாலுலயும் கோர்ட் முத்திரை. பதினோரு வருஷக் கணக்கு, நாள் தேதியோட. பைல்னா அது பைல்! தண்டனை பாக்கி இல்லைன்னு ஜெயில் அத்தாட்சி வேற. உங்ககிட்ட அது இருக்கா?"

இல்லை. இத்தனை வயதாகியும் அவர் ஒரு நாள்கூட ஜெயிலில் இருந்ததில்லை. இப்போது வருந்தி என்ன பயன்?

நோனோய் வீட்டு வாசலில் வாழ்த்துத் தட்டி தொங்கியது. அந்த ஊரில் யார் எதில் தேறினாலும் தட்டி கட்டுவது ஊர்த் தலைவர் கலிக்ஸ்டோவின் திருப்பணி. நோனோய் படம் தபால்தலை அளவு; தலைவர் முகம் கதவளவு.

"வாங்க சார்! சூடா ஒரு கிண்ணம் பாச்சோய் நூடுல்ஸ் சூப் சாப்பிடுறீங்களா?"

"கையெழுத்து போதும்... நோனோய் சார்."

"பரீட்சை வைக்காம எப்படிப் போடுறது? ஒரே கேள்வி. அந்த நாலாவது கேஸ், நகைக்கடையில திருடினது யாரு?"

"நீ... நீங்கதான். அதுக்குத்தானே எனக்குப் பதக்கம் குடுத்தாங்க."

"தப்பு சார். முதல் மூணும் நான்தான். அன்னிக்கு நான் காய்ச்சல்ல கிடந்தேன். கோர்ட்ல தொண்டை கிழியச் சொன்னேன்."

"அப்போ யாரு?"

"விடை வாசல்லயே தொங்குதே! ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் துப்புக் கிடைக்கலை."

மக்பானுவா எட்டிப் பார்த்தார். கதவளவு முகம் சிரித்தது. அவர் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றதே அந்த ஆள்தான். வெட்கத்தோடு நோனோய் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷம் உள்ள இருந்தீங்க அதுக்கு?"

"மூணு. அது இல்லாட்டி எனக்குப் பத்து வருஷம் நிறைஞ்சிருக்குமா? உங்க புண்ணியம் சார்."

மக்பானுவா விடையாகத் தலைவர் பெயரை மெல்லச் சொன்னார். கையெழுத்து விழுந்தது.

திங்கட்கிழமை தெருவில் இரண்டாவது தட்டி ஏறியது. அதிலும் தலைவர் முகமே பெரிது. அதன் கீழே தலைவர் இரு நிபுணர்களின் தோளிலும் கை போட்டுக்கொள்ள, மூவரும் படத்துக்குச் சிரித்தார்கள். ஊரே கூடி நின்று கை தட்டியது. நகைக்கடைக்காரர்தான் படம் எடுத்தார்.