செயலிக்கு எல்.எல்.ஆர். வாங்கிக் கொடுத்தவர்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஓடுகிற வண்டிகளில் பாதி, லைசென்ஸ் அண்ணாத்தே என்கிற ஒரு மனிதர் மட்டும் பிறக்காமல் போயிருந்தால், இன்றைக்கும் அவரவர் வீட்டு வாசலில் துருப்பிடித்துக்கொண்டுதான் நிற்கும். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு டீக்கடையில் விசாரித்துப் பாருங்கள். "எனக்கு அவருதான் வாங்கிக் குடுத்தாரு" என்று டீ ஆற்றுகிறவர் சொல்வார். குடிக்கிறவர் சொல்வார். பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவரும் தலையை நீட்டிச் சொல்வார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பசை டப்பா. அதுதான் அவருடைய தலைமை அலுவலகம். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார், போட்டோ ஒட்டிக் கொடுப்பார், டெஸ்ட்டுக்கு முன்னால் நடுங்குகிறவனுக்கு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டுவார். இத்தனை பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரிடம் லைசென்ஸ் கிடையாது. "ஏன் அண்ணாத்தே, நீங்க எடுக்கல?" என்று நானே ஒருமுறை கேட்டேன். "வண்டின்னா எனக்கு பயம் பாப்பா" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் எப்படி வந்தார் என்று கேட்டால், எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. கீழே மிஷின் ஓடினால் மேலே எங்கள் கீபோர்டு தானாக எழுத்து அடிக்கும். முதலாளி எட்வின், ஆவடி ஃபாக்டரியில் கிடைத்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்து இதை ஆரம்பித்தவர். அந்த வயிற்றெரிச்சல் அவருடைய மாமனாருக்கு அடங்கவே இல்லை. மாமனாருக்கு பட்டாபிராமில் மாவு மில் இருந்தது. "கம்பெனி படுத்துடுச்சுன்னா கூச்சப்படாதீங்க மாப்ளே, மொளகா மிஷின் காலியாத்தான் இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் வாசலில் வைத்து ஞாபகப்படுத்துவார். எட்வினுக்கு மிளகாய்த் தூளைப் பார்த்தாலே தும்மல் வரும்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். கரையான்சாவடி மெயின் ரோட்டில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கும் கஸ்தூரி அக்கா. பட்டாபிராமில் புதுக் கிளை திறக்கப் போகிறார். அதற்காக ஒரு செயலி கேட்டார். கடைக்கு வருகிறவர்கள் பொருளை எடுத்து, தங்கள் செல்போனாலேயே அதன் பார்கோடைக் காட்டி, பில் போட்டுக்கொண்டு போய்விடலாம். வரிசையில் நிற்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேனரைப் போட்டுச் செய்தோம். பிஸ்கட் பாக்கெட்டைப் படித்தது. கசங்கின அப்பளப் பாக்கெட்டைப் பார்த்தால் முழித்தது. வியர்த்துப்போன தயிர் பாக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எந்தக் கசங்கலையும் படிக்கிற ஸ்கேனர் தொழில்நுட்பம் ஐரோப்பாவில் ஒரு கம்பெனியிடம் இருந்தது. அதை நம் செயலிக்குள் வைத்துக்கொள்ள அவர்கள் லைசென்ஸ் தர வேண்டும். கொஞ்ச நாள் சோதித்துப் பார்க்க ஒரு தற்காலிக லைசென்ஸ் அனுப்பினார்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் கடையில் எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று வீடியோவில் நேரடியாகக் காட்ட வேண்டுமாம். அதற்குத் தேதி கிடைக்காமல் நாட்கள் ஓடின.

"இந்த லைசென்ஸ் மட்டும் கெடைச்சிட்டா போதும்" என்று டீக்கடையில் நின்று எட்வின் புலம்பினார். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எந்த ஆபீஸு நைனா? இன்ஸ்பெக்டரு யாரு?"

அவ்வளவுதான். மறுநாள் காலை லைசென்ஸ் அண்ணாத்தே எங்கள் மாடியில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டது யார் என்று எட்வின் என்னைப் பார்த்தார். நான் எட்வினைப் பார்த்தேன்.

"அண்ணே, இது வண்டி லைசென்ஸ் இல்ல. ஆப்புக்கு லைசென்ஸ்" என்றார் எட்வின்.

"தெரியும் நைனா. அதுக்கு வயசு இன்னா?"

"ஆறு மாசம் ஆச்சு."

அண்ணாத்தே உச்சுக் கொட்டினார். "வயசு பத்தாதே. சரி வுடு, பேசிப் பாக்கலாம்."

தற்காலிக லைசென்ஸ் பற்றி நான் மெனக்கெட்டு விளக்கினேன். அவர் பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினார். "அதாம்மா எல்.எல்.ஆரு. இதுக்குப் போயி இவ்ளோ நேரம் பேசிகினு கீற?" என்றார். சாயங்காலம் பார்த்தால் எங்கள் சோதனை செல்போனின் முதுகில் சிவப்பு நிறத்தில் பெரிய 'எல்' ஒட்டியிருந்தது. செயலியின் சின்னத்தை வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸில் எட்டு காப்பி எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். "மூஞ்சி நேரா விழுந்துகீது. அப்ஜக்சன் வராது" என்றார். நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

லைசென்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் காட்டினேன். அது காகிதமில்லை, எழுத்தும் எண்ணுமாகத் தலைகால் புரியாத ஒரு நீள வரி. அதைச் செயலிக்குள் வைத்தால்தான் ஸ்கேனர் கண் திறக்கும். அண்ணாத்தே மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோ எங்க கீது?"

"போட்டோ கிடையாது அண்ணாத்தே."

"சீலு?"

"அதுவும் கிடையாது."

"இன்னாம்மா இது, மொட்டையா கீது! பிரிண்டு எடுத்துக் குடு, லேமினேசனாவது போட்டுகினு வரேன்."

அடுத்த நாள் என்னைப் புதுக் கடைக்கு அழைத்துப்போய் பயிற்சி கொடுத்தார். இரண்டு அரிசி மூட்டைகளை இடைவெளி விட்டு வைத்தார். "செல்லைக் கைல புடிச்சிகினு எட்டு போடு பாப்பா. காலு தரைல படலாம், பர்வால்ல" என்றார். நானும் போட்டேன். பொறியியல் படித்தவள் நான். ரவையும் சேமியாவும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே செல்போனை நீட்டிக்கொண்டு எட்டு போட்டேன். கஸ்தூரி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது எதுக்குடி?" என்றார். "டெஸ்டிங் அக்கா" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒருவழியாக வீடியோவுக்கு நாள் குறித்தார்கள். பார்த்தால் அதே நாளோடு தற்காலிக லைசென்ஸ் முடிகிறது. மறுநாள் காலை திறப்பு விழா. வீடியோ அன்று காலை அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். "எட்வினு, நாளைக்கு ஜனங்க முன்னாடி இது வேல செய்யலன்னா எனக்கு மானம் போயிடும். அப்பறம் நீ வேற கடை பாத்துக்கோ." வேறு கடை எங்களுக்கு இல்லை. எட்வின் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மிளகாய் மிஷின் சத்தம் காதில் கேட்கிறது என்றார்.

புதுக் கடையின் பில் கவுன்டரில் லேப்டாப்பை வைத்தோம். திரையில் ஐரோப்பாக் கம்பெனியின் அதிகாரி வந்தார். வெள்ளை முடி, சிரித்த முகமாக ஒரு அம்மாள். எட்வின் வணக்கம் சொல்லி, அப்பளப் பாக்கெட்டை இடது கையில் ஏந்தி, வலது கையால் செல்போனை அதன்மேல் காட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை. செல்போன் திரையில் சாயங்காலம் மசங்கின மாதிரி ஒரு பழுப்பு. அவ்வளவுதான்.

"லைசென்ஸ் முடிஞ்சிருச்சு" என்றேன் நான். எட்வின் முகம் அப்பளப் பாக்கெட்டைவிடக் கசங்கியது. அந்த அம்மாள் அங்கே எதையெதையோ தட்டிப் பார்த்தார். "இன்றைக்கு முழுக்க உங்களுக்கு இருக்கிறதே!" என்று குழம்பினார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். உங்கள் கடிகாரம் எங்களுக்கு முன்னால் ஓடுகிறது அல்லவா, அதில் எங்கள் கணக்கு தவறியிருக்கும், மன்னியுங்கள், இன்னும் மூன்று மாதம் நீட்டித்துவிட்டேன் என்றார். எட்வின் உயிர் பெற்று எழுந்து மறுபடி காட்டினார். மறுபடியும் பழுப்பு.

செல்போனை நான் வாங்கித் திருப்பினேன். சிவப்பு 'எல்'லுக்கு மேலே, கேமரா இருக்கிற இடத்தில், அப்போதுதான் குழைத்த சந்தனம். நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. கவுன்டருக்குக் கீழே நசுங்கின எலுமிச்சம்பழம் வேறு.

"அண்ணே..." என்றார் எட்வின்.

"டெஸ்ட்டுக்குப் போற வண்டிக்கு வைக்காம அனுப்புவாங்களா நைனா?"

"நான் சர்ச்சுக்குப் போறவன் அண்ணே!"

"நீ போற. செல்லு போவுதா?"

எட்வின் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் போடாதீர்கள், அவர்கள் தங்கள் தப்பு என்று நினைத்து லைசென்ஸை நீட்டித்துவிட்டார்கள், பேசாமல் துடைத்துவிடலாம் என்று கிசுகிசுத்தார். ஆனால் அண்ணாத்தே லேப்டாப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "ஆபீசரு கைல பொய் சொல்லி வாங்குனா நிக்காது நைனா" என்றவர், சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு, குங்குமம் ஒட்டிச் சிவந்த கட்டைவிரலைத் திரைக்கு நேராக நீட்டினார்.

"மேடம்! குட் ஆஃப்டர்நூன்! யுவர் சைடு ஓகே. மை சைடு சந்தனம். கேண்டிடேட் வெரி குட் பாய். கைண்ட்லி பாஸ்!"

அந்த அம்மாள் பதறிப்போய், அவர் கையில் ரத்தமா, யாராவது உதவுங்கள் என்றார். நான் போய் விளக்கினேன். எங்கள் ஊரில் புது வண்டி என்றால் இப்படிச் செய்வோம் என்றேன். இது வண்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் என்றார். அண்ணாத்தேவைக் கை காட்டினேன். அந்த 'எல்' எதற்கு என்றார். மறுபடியும் அவரையே காட்டினேன். அப்புறம் அந்த அம்மாளின் தோள் சிரிப்பில் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவைத் துடைத்துவிட்டு ஒருமுறை காட்டுங்கள் என்றார்.

துப்பட்டாவால் துடைத்தேன். எட்வின் காட்டினார். டிங்! அப்பளம் பில்லில் விழுந்தது. வியர்த்த தயிர் பாக்கெட்டும் விழுந்தது. கொடுத்த மூன்று மாதத்தைத் திரும்ப எடுக்கப் போவதில்லை, நிரந்தர லைசென்ஸும் வந்து சேரும், உண்மையைச் சொன்ன அந்தப் பெரியவருக்கு என் வணக்கம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறைந்தார்.

அப்போதுதான் எட்வின் வெடித்தார். "என் பொழப்பே போயிருக்கும் அண்ணே! இது என்னன்னு ஒரு எழவும் தெரியாம எதுக்கு உள்ள வந்தீங்க?"

லைசென்ஸ் அண்ணாத்தே தலையைக் குனிந்துகொண்டார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நெசந்தான் நைனா. இது யாருக்கு லைசென்ஸு, இன்னாத்துக்கு லைசென்ஸுன்னு எனக்கு இன்னி வரைக்கும் பிரியல. டீக்கடைல உன் மூஞ்சியப் பாத்தேன். டெஸ்ட்டுக்கு முன்னாடி பசங்க நிக்கிற மாரியே நின்ன. அப்டி நிக்கிறவன வுட்டுட்டு போவ எனக்குத் தெரியாது."

எட்வின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிளகாய்த் தூள் எதுவும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் மூக்கை உறிஞ்சினார்.

திறப்பு விழா ஜோராக நடந்தது. இப்போது நாங்கள் நாலைந்து கடைகளுக்குச் செய்கிறோம். லைசென்ஸைப் புதுப்பிக்கிற நாள் வந்தால் எட்வின் முதலில் அண்ணாத்தேவுக்குத்தான் போன் போடுகிறார். அவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, மாடி ஏறி, எட்வின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எதையும் தொடுவதில்லை. ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவர் உட்கார்ந்த பிறகுதான் எட்வின் பட்டனை அழுத்துகிறார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வருகிறது.