பதற்றமடைய வேண்டாம், ஒரு பெண் ஓடுகிறாள்

மனித குலத்துக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது தொலைக்காட்சிதான் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒருநாள் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு முன்பும் மனிதர்கள் ஓடினார்கள், மறுக்கவில்லை. சிறுத்தை துரத்த ஓடினார்கள். பஸ் புறப்பட்டுவிட்டதென்று ஓடினார்கள். ஆனால் அவையெல்லாம் காரணத்தோடு ஓடிய ஓட்டங்கள். எனவே தரம் குறைந்தவை. ஒரு காரணமும் இல்லாமல் ஓடுவதே நாகரிகம். அந்த நாகரிகம் 2002ஆம் ஆண்டில், போர்நிறுத்தம் கையெழுத்தாகிச் சில வாரங்களில், டிஷ் அன்டெனா வழியாக இலங்கையின் ஊவா மாகாணத்தில் வந்திறங்கியது. அதை முதலில் பெற்றுக்கொண்டவள் நான் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதுளைக் கடைவீதியில் என் கணவர் சுரேனுக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கசெட் போய் சீடி வந்துகொண்டிருந்த காலம். வாடகைக்குக் கொண்டுபோகிறவர்கள் படம் முடிந்த இடத்திலேயே கசெட்டைத் திருப்பித் தருவார்கள். அதை முதலிலிருந்து பார்க்கும்படி திருப்பிச் சுற்றிவைப்பது கடையில் என்னுடைய 'பொறுப்பு'. சும்மா சுற்றினால் அலுப்பாக இருக்குமென்று திரையில் படம் தெரியும்படி விட்டே சுற்றுவேன். சினிமாவின் முழு மேன்மையும் அப்போதுதான் விளங்கும். வில்லன் குத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வான். தீ சுருங்கிச் சுருங்கி ஒரு நெருப்புக்குச்சிக்குள் போய் ஒளியும். ஓடிப்போனவர்கள் பின்பக்கமாகவே ஓடி வந்து வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவ்வளவு விரைவான நீதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தத் தொழிலால் சினிமாவில் பெண்கள் ஓடுவதைப் பற்றி எனக்கு ஓரளவு புலமை உண்டு. கதாநாயகனை நோக்கி மெதுவாக ஓடுவார்கள். வில்லனிடமிருந்து வேகமாக ஓடுவார்கள். ஆஸ்பத்திரிக்குத் தலைவிரி கோலமாக ஓடுவார்கள். தனக்காக, தன் பாட்டில், ஓர் அரைமணி நேரம் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கழுவிய ஒரு பெண்ணை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

அப்படியொருத்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சென்னைக் கடற்கரையில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். யாரும் துரத்தவில்லை. முன்னாலும் யாரும் நிற்கவில்லை. நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "ஓடுங்க, மனசு லேசாகும்" என்றாள். நான் மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றேன். என் மனதுக்கு என்ன எடை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

"நான் ஓடப்போறேன்" என்று சுரேனிடம் சொன்னேன்.

"யாரோட?" என்றார்.

இந்தச் செய்தி ஊரில் பரவியதும் அதன் முக்கியத்துவம் உணரப்பட்டு உடனடியாக ஒரு கழகம் அமைக்கப்பட்டது. 'பதுளை நலவாழ்வு ஓட்டக் கழகம்'. தலைவர் சிற்றம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலியால் ஓட முடியாதவராகையால் தலைமைக்கு ஏகமனதாகத் தெரிவானார். செயலாளர் சுரேன். பொருளாளர் எதிர்க்கடை தம்பையா மாமா, பலசரக்கு. கூட்டங்கள் எங்கள் கடையிலேயே நடந்தன. கடை அடைத்ததும் தொடங்கி, எட்டு மணித் தொடர் ஆரம்பிக்குமுன் முடிவடைந்தன. ஒருதரம் தொடரின் கதாநாயகி விஷம் குடிக்கும் கட்டமாகையால் கூட்டம் 'துக்கத்துடன்' ஒத்திவைக்கப்பட்டது.

"எப்ப ஐயா ஓடுறது?" என்று கேட்டேன்.

"பிள்ளை, அவசரப்படாதையும்" என்றார் சிற்றம்பலம் ஐயா. "ஓடுறதெண்டா சும்மா எழும்பி ஓடேலாது. முதல்ல யாப்பு, சட்டதிட்டமெல்லாம். பிறகு உபகுழு. ஓட்டம் அதுக்குப் பிறகுதான்."

உபகுழுவுக்குக் காத்திராமல் ஒருநாள் விடியற்காலையில் நான் ஓடிவிட்டேன். பஞ்சாபி உடை, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் தார் வீதி. மூடுபனி. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. ஆனால் அது என் மூச்சு. குக்கர் விசிலுக்கும் தொடரின் அழுகைக்கும் நடுவில் அதை நான் கேட்டதேயில்லை. இரண்டாவது வளைவில், வீட்டில் அரிசி முடிந்துவிட்டது என்பது மறந்துபோனது. மூன்றாவதில் நான் யாருடைய மனைவி என்பதும் கொஞ்சம் மறந்தது. எனக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். நாளுக்கு ஒரு அரைமணி. ஒரு வீதி. வேறொன்றும் வேண்டாம்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் பெண்கள், ஒரு ஊர்வலமே, என் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது. கழகத்தால் மூன்று மாதத்தில் செய்ய முடியாததை மூன்று வளைவில் சாதித்துவிட்டேன் என்று எனக்குப் புல்லரித்தது.

விளக்கம் கடை திறந்ததும் கம்சலா மூலம் கிடைத்தது. கம்சலா எங்கள் கடையில் வேலை செய்பவள். அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து தினமும் இறங்கி வருவாள். அவள் அம்மா கொழுந்தெடுப்பவர்.

"ஏங்க்கா, சும்மாவா ஓடுனீங்க? யாரும் தொரத்தாமயா?"

"ஆமா."

"போங்கக்கா! ஆளு எண்ணுற பெரட்டுக்கு மணியாயிருச்சு, அதான் கடைக்கார அக்காவே ஓடுறாங்கன்னு எங்கம்மா கத்தி, அம்புட்டுப் பேரும் ஓடியிருக்காங்க. பிந்திப் போனா அரைப்பேருதானே போடுவாங்க, பாதிச் சம்பளந்தான். போய்ப் பாத்தா, பேரு போடுற கணக்குப்பிள்ளையே இன்னும் எந்திரிக்கலயாம்."

மத்தியானம் தோட்டத்துக் கங்காணி வீரய்யா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். "அம்மா, இன்னைக்குப் பெரட்டுக்கு ஒரு ஆளுகூடப் பிந்தலைங்க. எங்க தொரைக்கு ரொம்பச் சந்தோஷம். தெனமும் இப்பிடிக் கொஞ்சம் வந்துட்டுப் போனீங்கன்னா..."

அவர் போனதும் கம்சலா கும்பிட்டாள். "அக்கா, அந்தப் பக்கம் வந்துறாதீங்க. எங்கம்மாவுக்கு இன்னும் எளைப்பு நிக்கல."

நாட்டின் தேயிலை உற்பத்திக்கு என்னால் செய்யக்கூடிய தொண்டு இவ்வாறு மறுக்கப்பட்டபடியால், ஓட்டத்தைக் கடைவீதிக்கு மாற்றினேன். காலை எட்டு மணி. வெயில். ஆள் நடமாட்டம். இதைவிடப் பாதுகாப்பான இடமும் நேரமும் இல்லையென்று சுரேனும் சான்றிதழ் கொடுத்தார்.

பஸ் நிலையத்திலிருந்து தொடங்கினேன். நான்கு கடை தாண்டியிருப்பேன், கடகடவென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நான் அதைக் கைதட்டல் என்று நினைத்தேன். ஓடிக்கொண்டே கொஞ்சம் சிரிக்கவும் செய்தேன். தம்பையா மாமாவின் கடைக்கு வந்தபோதுதான் விளங்கியது. அவை ஷட்டர்கள். நான் ஓட ஓட, வீதியின் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் என்னோடு கூடவே இறங்கி வந்துகொண்டிருந்தன.

தம்பையா மாமா பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நின்றார்.

"எந்தப் பக்கம்மா? எந்தப் பக்கமா வாறானுங்க?"

"யாரு மாமா?"

"அவனுங்கதான்!"

"யாரும் வரல மாமா. நான் சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?"

"உடம்புக்கு."

"உடம்புக்கு ஓடுறவ எதுக்கும்மா இப்பிடி மூஞ்சிய வச்சிக்கிட்டு ஓடுற?"

"ஓடுனா மூஞ்சி இப்பிடித்தான் மாமா ஆகும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே திரும்பி "மீனாம்பாள்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அத்தை பின்வாசலால் போய், அதற்குள் கோயிலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டிருந்தார், பையோடு.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீதியில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால், ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொள்ள, ஒரு பை இருக்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரு சோடி உடுப்பு, தாலிக்கொடி வைக்க ஒரு சுருக்குப்பை, பிஸ்கட் பக்கெட். தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்த எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்திலிருந்து அப்படியே இருக்கிறது. பிஸ்கட்டை மட்டும் மாற்றுவோம். எங்கள் வீட்டில் அது தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே. எட்டு மணித் தொடரில் கண் வைக்கும்போதெல்லாம் அதுவும் தெரியும். வெளிநாடுகளில் இதை 'விளையாட்டு உபகரணம்' என்பார்கள்.

அன்றே அவசரக் கூட்டம். தொடர் ஆரம்பித்தும் கலையவில்லை என்பதிலிருந்து நிலைமையின் பாரதூரம் விளங்கும்.

"சிரிச்சுக்கிட்டே ஓடச் சொல்லலாமே" என்றார் சுரேன்.

"பைத்தியம்னுதான் நெனைப்பாங்க" என்றாள் கம்சலா, கணக்கு முடித்துக்கொண்டே.

"பேசாம ஓடாம இருந்தா என்ன?" என்றார் தம்பையா மாமா. "நடக்கலாமே. நடந்தா ஒருத்தனும் பயப்பட மாட்டான்."

"எனக்கு ஓடணும் மாமா" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அங்கே அழுகிறவளுக்கு அவர்கள் பழகியிருந்தார்கள்.

சிற்றம்பலம் ஐயா தொண்டையைச் செருமினார். "பிரச்சினை ஓட்டத்தில இல்லை. தகவல் தொடர்பில. சனத்துக்கு முன்கூட்டியே அறிவிச்சுப் போட்டு ஓடினா ஒரு கரைச்சலும் இல்லை. வாசகத்தை நான் எழுதித் தாறன். முப்பது வருசமா உத்தியோகபூர்வ அறிவித்தல் எழுதின கை இது."

எங்கள் வீதியில் ஆட்டோ ஓட்டும் வாஹித்தின் வண்டியில் ஒலிபெருக்கி கட்டப்பட்டது. ஐயா எழுதிய வாசகம் ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. மறுநாள் காலை ஆட்டோ முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். வாஹித் கம்பீரமாக வாசித்தான்:

"பொதுமக்கள் கவனத்துக்கு! யாரும் பதற்றமடைய வேண்டாம். கடைகளை மூட வேண்டாம். வதந்திகளை நம்ப வேண்டாம். நிலைமை முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ளது..."

'ஒரு பெண்மணி உடல்நலத்துக்காக ஓடுகிறார்' என்பது அடுத்த வரி. அதை யாரும் கேட்கவில்லை. நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது என்று ஒலிபெருக்கியில் சொன்ன எந்த நாளில் இந்த நாட்டில் நிலைமை கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறது? ஷட்டர்கள் எனக்கு முன்னாலேயே ஓடின. ஒரு பாடசாலை வான் நடுவீதியில் திரும்பியது. வாஹித்துக்கே தன் குரலைக் கேட்டுச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "அக்கா, நான் ஒருக்காப் பிள்ளைகளப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

வீதி வெறுமையானது. ஒரு மனிதர் இல்லை. வாகனம் இல்லை. நான் ஆசைப்பட்ட வீதி, நீளமாக, வெயில் விழுந்து, முழுவதும் எனக்கே எனக்காக.

நடுவில் நின்றேன். கால் வரவில்லை.

பிறகு வந்தது. மிக வேகமாக வந்தது. வீட்டு வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போய், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே கையை விட்டுப் பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோதுதான், எல்லோரும் எனக்குப் பயந்துதான் ஓடினார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

அன்று மாலைக் கூட்டம் மகிழ்ச்சியாக நடந்தது. கழகம் ஆரம்பித்ததிலிருந்து முதல்தடவையாக ஊர் முழுவதும் ஓடியிருக்கிறது அல்லவா? தம்பையா மாமா கடையைப் பூட்டி, அத்தையைக் கூட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, படியேறிக் கோயில் மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் வயதுக்கு அது உலக சாதனையாக இருக்கும். அவருக்கு வெற்றிக் கிண்ணம் வழங்குவதென்றும், நான் இனி வீட்டுக்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஓடுவதென்றும் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. இரண்டாவதை எதிர்த்து நான் கை தூக்கினேன். ஒரு கை.

"கிண்ணத்தை யார் குடுக்கிறது?" என்று சுரேன் கேட்டார்.

"வழமையில பயிற்சியாளரைத்தான் கூப்பிடுறது" என்றார் சிற்றம்பலம் ஐயா.

தம்பையா மாமா கையிலிருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் நீண்டகாலச் சிங்கள வாடிக்கையாளர். சண்டைப் படங்களில் பிரியமுள்ளவர், நல்ல சிரிப்பு. எண்பத்து மூன்றில், தம்பையா மாமாவின் பழைய கடைக்கு முன்னால் பெட்ரோல் கேனோடு நின்றவர்களில் ஒருவர். அது மாமாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியுமென்று அவருக்கும் தெரியும். கசெட்டை மேசையில் வைத்தார்.

"ஏன் நோனா, காலையில கடை எல்லாம் மூடி?" என்றார், உண்மையான அக்கறையோடு. "என்னத்துக்கு இப்பிடி பயம்?"

"சும்மா, விளையாட்டுத்தான் மாத்தையா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் கசெட்டை இயந்திரத்தில் போட்டேன். எங்கள் வீதிக்கு இலவசமாகப் பயிற்சியளித்து, பத்தொன்பது வருடம் கழித்தும் ஒரு ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு ஊரையே ஓடவைக்கும் அந்த மாபெரும் ஆசானிடம் எனக்கு ஒரேயொரு குறைதான்.

இதுவரை ஒருநாள்கூட அவர் கசெட்டைத் திருப்பிச் சுற்றித் தந்ததில்லை.